ரசாக் பாய்க்கு விழுந்த சால்வை

காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார்கள். யாருக்கு? பஞ்சைத் தின்று பஞ்சைத் தும்மியே தலை நரைத்துப்போன மெத்தைக் கடை அப்துல் ரசாக்குக்கு! கொடுத்தவர் சரவணகுமார். கச்சேரி நடத்தும் சங்கத்தின் செயலாளர். கழுத்தில் ஒரு அட்டை தொங்கினால் போதும், நம் ஊரில் மனிதனுக்குக் கொம்பு முளைத்துவிடும்.

"சவுண்டு ஜாஸ்தியா இருக்கும் பெரியவரே. காதுல வெச்சிக்குங்க."

"கொல்லன் தெருவுல ஊசி விக்கிறீங்களா? சவுண்டு கேக்கத்தாங்க வந்திருக்கேன்" என்றார் ரசாக்.

வாலிபத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரர் லாட்ஜில் விட்டுச்சென்ற கேசட்டுகள் அவர் கைக்கு வந்தன. அன்று பிடித்தது எலக்ட்ரிக் கிடார் பைத்தியம். மெத்தை தைக்கும்போதும் அதுதான், கடை கூட்டும்போதும் அதுதான். ஆனால் நேரில் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. சென்னையில் கச்சேரி என்றால் இங்கே மகளுக்கு நிக்காஹ் இருக்கும், இல்லையென்றால் கல்யாண சீசன், கடையில் மெத்தைக்கு ஆள் நிற்கும். அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து மோதும் என்கிறார்களே, ஒருமுறையாவது மோதட்டும் என்று ஏங்கியே வயதாகிவிட்டது. இப்போது கீழ்பென்னாத்தூர்ப் பெண் வினோதினி திருவண்ணாமலைக்கே வந்து வாசிக்கிறாள். கடைசியில் அவள் தனியாக நீளமாக வாசிப்பாள் என்று நோட்டீஸே சொன்னது. மனைவி ரஹமத்துன்னிசா "இந்த வயசுல இதெல்லாம் தேவையாங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

மேடைக்கு எதிரே, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய் நின்றார். விட்டார்களா? "பெரியவர் நிக்கக்கூடாது" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் ஓரத்துச் சோபாவில் உட்காரவைத்தார் சரவணகுமார். நின்று ஆடுகிறவர்களின் முதுகுதான் அங்கிருந்து தெரிந்தது.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வரும் பஸ்களை இந்த மைதானத்தில்தான் நிறுத்துவார்கள். பொழுது சாய்ந்ததும் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்தது. இது தெரிந்தும் பாட்டுக்குப் பாட்டு நடுவில் சால்வை போர்த்தினார்கள். பந்தல் போட்டவருக்கு ஒன்று, தண்ணீர்க் கேன் கொடுத்தவருக்கு ஒன்று. ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு போட்டோ, ஒரு சொற்பொழிவு. ரசாக்குக்கு வயிறு எரிந்தது.

ஒருவழியாக வினோதினி தனியே வந்து நின்றாள். முதல் கம்பியை இழுத்தாள். ரசாக் எழுந்தேவிட்டார். உடனே மைக்கில் சரவணகுமாரின் குரல்: "ஒரு நிமிஷம்மா! சிறப்பு விருந்தினர் வர்ற வழியில டிராபிக்ல மாட்டிக்கிட்டாரு. அவருக்கு வெச்ச சால்வையை, இந்த வயசுலயும் வந்து குந்தியிருக்கிற நம்ம பெரியவருக்குப் போத்துறோம்!"

கைத்தட்டல். இரண்டு பேர் அவரை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பியில் கை வைத்தபடி வினோதினி காத்து நின்றாள். எந்த வாசிப்புக்காக வந்தாரோ அதை நிறுத்த அவரே காரணமாகிப்போனார். தோளில் சால்வை விழுந்ததும் ரசாக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதை உருவிச் சரவணகுமாரின் தோளிலேயே போட்டுவிட்டு மைக்கைப் பிடுங்கினார்.

"இன்னாங்க மரியாதை இது? என்னை மதிக்கிறதா இருந்தா அந்தப் பொண்ணை வாசிக்க விடுங்க!"

மைதானம் விசிலடித்தது. வினோதினி சிரித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். ரசாக் கீழே இறங்கவில்லை. பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார், இந்தமுறை யாருக்கும் அவரைத் தொடத் தைரியம் வரவில்லை. சத்தம் வந்து மோதியது. நெஞ்சில், வயிற்றில், பல்லில். சட்டை நடுங்கியது. அட, இதுவா! இதைத்தான் இத்தனை வருடம் கேசட்டில் பாதியாகக் கேட்டோமா என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிடார் மேலே மேலே ஏறியது, இன்னும் கொஞ்சம் ஏறினால் உச்சி.

சத்தம் செத்துப்போனது. போலீஸ் சொல்லி ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே மைதானத்துக்குள் நுழைந்தது.

நெஞ்சைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்துப் பதறி ஓடிவந்தார் சரவணகுமார். சால்வை இன்னும் அவர் தோளிலேயே இருந்தது.

"இன்னாச்சு பெரியவரே? சவுண்டு ஜாஸ்தியாயிடுச்சா?"

ரசாக் அந்தச் சால்வையைப் பார்த்தார்.

"கம்மிங்க" என்றார். "நீங்க எத்தனை சால்வை போத்துனீங்களோ, அத்தனை நிமிஷம் கம்மி."