பெண் பார்க்கும் நாளுக்கு ஒரு ஷரத்து

இன்று காலை வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எதிலாவது மாட்டிக்கொள்வேனோ என்று பயந்து ஒவ்வொரு ஷரத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஜன்னல் வழியே ஈரத்தோல் வாடை வந்தது. நினைவில் ஆம்பூரிலிருந்த எங்கள் கொல்லைக்கே போய்விட்டேன்.

அந்தக் கொல்லையை என் அப்பா, நாங்கள் நைனா என்போம், தோல் காயப்போடக் காதர் பாய்க்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். என் பயமெல்லாம் நைனா கொடுத்த சொத்துதான். வாடையால் அக்காவின் வரன் தட்டிப்போகுமே என்று, பெண் பார்க்க வரும் நாளில் தோல் விரிக்கக் கூடாதென்று பத்திரத்தில் ஒரு ஷரத்து எழுதவைத்தார்.

பேரணாம்பட்டிலிருந்து முதல் வரன் வந்தது. கொல்லை துடைத்தாற்போல் கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"இன்னாங்க, தோல் வாடையே காணோம்? குத்தகைக்காரர் ஓடிட்டாரா? வருமானமே அதுதான்னாங்களே!"

நைனா வேலியோரம் ஓடினார். "பாய், நாலு தோலாவது விரிங்க!"

"அதெப்படிண்ணா? கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? அப்புறம் கோர்ட்டுக்கு இழுத்தா?"

"சரி, நாளைக்கு வந்து பாக்கறோம்," என்று மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார்.

"நீங்க வந்தா நாளைக்கும் கூடாதுங்களே," என்றார் பாய்.

நைனா உள்ளே விரைந்தார். பத்திரத்தை எடுத்துவந்து அந்த ஷரத்தை அடித்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சியும் வேண்டும் என்றார் பாய்.

"கொண்டாங்க," என்று மாப்பிள்ளையின் அப்பாவே பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கொல்லைப்பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். முதல் வாடை வந்ததும் முகம் மலர்ந்தது.

"இப்ப பொண்ண வரச்சொல்லுங்க."