வலது கை

அந்தப் பெண்ணின் பெயர் மறந்துவிட்டது. பேசும்போதெல்லாம் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொள்வார்.

முதலீட்டு வங்கியில் ஒரு டீமை நடத்தும் வைஸ் பிரசிடெண்ட் வேலைக்கு, ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் நேர்காணல். அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மேலதிகாரி வழக்கம்போலக் கண்ணாடி டம்ளரைச் சுவரில் வீசி உடைத்தார். பதறாதவர்தான் டீமை நடத்த லாயக்காம். அப்படித் தேறி வந்தவன்தான் நானும்.

அந்தப் பெண் இன்னொரு டம்ளரை எடுத்து அதிகாரியின் நெற்றியிலேயே அடித்தார். சட்டையெல்லாம் ரத்தம். அதிகாரியோ சிரித்தார். "இவங்கதான் வேணும், கூப்பிடு!"

வாசலுக்கு ஓடினேன். அதற்குள் அந்தப் பெண் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வேலை அவருக்குத்தான் என்றேன்.

"வேணாமுங்க. அடிச்சப்ப கைக்கு நொம்ப நல்லா இருந்துச்சுங்க. அதான் பயமா இருக்குதுங்க."