அத்தை சொன்ன சாட்சி

மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று யாராவது என்னிடம் பெருமையாகச் சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். நானும் ஒரு சபையின் போதகர்தான். ஜெபத்தால் நோய் தீராது என்று சொல்ல நான் யார்? ஆனால் போன வாரம்கூட ஒருவர் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "சர்க்கரை மாத்திரைய நிறுத்திடட்டுங்களா ஐயா?" என்று கேட்டார். வீடியோவில் ஒரு ஊழியக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நிறுத்திப் பாருங்கள், நானே வந்து உங்கள் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவேன் என்றேன். அவருக்கு என் விசுவாசத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வரட்டும். அந்தச் சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து.

அப்பாவும் போதகர். சபையார் அவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். வடக்கனந்தல் பக்கம், கல்வராயன் மலையைப் பார்த்தபடி இருந்த ஒரு சிற்றூரில் எங்கள் சபை. கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிற கூலிக் குடும்பங்கள்தான் சபையார். அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தாள். அத்தைக்கு வலிப்பு உண்டு. ஒருமுறை அடுப்படியில் விழுந்து இடது கை வெந்துபோனது. இன்னொருமுறை கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரிக்கும்போது விழுந்தாள். கூட இருந்தவர்கள் அவள் கையில் இரும்புச் சாவியைத் திணித்துவிட்டு நின்றார்களாம். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரி மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வலிப்பு அடங்கியது.

அப்போது சின்னசேலத்தில் பந்தல் போட்டு உபவாசக் கூட்டம் நடத்தினார்கள். பகல் முழுக்கப் பட்டினி, பாட்டு, ஜெபம். வெளியூரிலிருந்து வந்த பெரிய ஊழியக்காரர் அத்தையை மேடைக்குக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். இந்த மகள் இன்றைக்கே சுகமானாள் என்றார். பிறகு, நம்புகிறாய் என்றால் மாத்திரையை வீசி எறி என்றார். அத்தை பையிலிருந்த அட்டையை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்து வீசினாள். அல்லேலூயா பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. எனக்குப் பத்து வயது. நானும் தொண்டை வறளக் கத்தினேன். அப்பா மட்டும் குனிந்து அந்த அட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கெஞ்சினார். வேதத்தில், சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், தீர்க்கதரிசி கட்டியின் மேல் அத்திப்பழத்தை வைத்துப் பற்றுப் போடச் சொல்லவில்லையா என்று கேட்டார். அத்தை அசையவில்லை.

"சாட்சி சொல்லிட்டேண்ணா. இனிமே மாத்திர முழுங்குனா கர்த்தர பொய்யராக்குன மாதிரி ஆயிடும்."

எங்கள் பக்கத்தில் சாட்சி விளையாட்டுச் சமாசாரம் இல்லை. கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று எழுந்து நின்று ஒருமுறை சொல்லிவிட்டால் அது கல்லில் வெட்டினது. திரும்ப வாங்க முடியாது. அதைத் தெரிந்துகொண்டேதானே அந்த மனிதர் ஒரு அப்பாவிப் பெண்ணின் வாயிலிருந்து அதை வரவழைத்தார்! இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் காலையில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அப்பா கரண்டியின் அடிப்பக்கத்தால் மாத்திரையை நுணுக்கி, அத்தையின் கூழ்ச் சொம்பில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எரிகிற அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! ஞாயிறுதோறும் எங்களைப் பத்துக் கட்டளைகளையும் ஒப்பிக்க வைக்கிறவர், வீட்டுக்குள் கூடப் பிறந்தவளையே ஏமாற்றுகிறார். ஆனாலும் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு தினமும் அதுதான் நடந்தது.

அத்தைக்கு வலிப்பு வரவில்லை. எப்படி வரும்? ஆனால் புகழெல்லாம் சின்னசேலத்து மேடைக்குப் போனது. பாடுபடுகிறவன் ஒருத்தன், பேர் எடுக்கிறவன் ஒருத்தன். ஒரு ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் எல்லார் முன்னாலும், "ஒங்க தங்கச்சிக்கு இருக்கிற விசுவாசம் ஒங்களுக்கு இல்லியே ஐயரே" என்றார். அப்பா, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வேதாகமத்தை மூடினார். உண்மையைப் போட்டு உடைக்காமல் இப்படி நிற்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வருஷம் மறுபடியும் பந்தல். ஊழியக்காரர் அத்தையை மேடையில் நிறுத்தி, இதோ சாட்சி என்று காட்டினார். முன் வரிசையில் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண், வலிப்பு வருகிற தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். எறி என்றார் அவர். அவள் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் அத்தையைப் பார்த்து, "யக்கா, நெசமாவே மாத்திர இல்லாமத்தான் நின்னுச்சா?" என்று கேட்டாள்.

அப்பா எழுந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தை மைக்கை வாங்கினாள்.

"இல்லம்மா. நா மாத்திர சாப்ட்டுக்கினுதான் இருக்கேன். எங்கண்ணன் தெனம் கூழ்ல கலந்து குடுக்குறாரு. எனக்குத் தெரியும். நீ தூக்கிப் போட்டுறாத, புள்ள போயிடும்."

மைக்கை நிறுத்திவிட்டார்கள். உடனே கீபோர்டு பாட்டைத் தொடங்கியது. யாரோ சாத்தானே என்று கத்தினார்கள். எங்கள் சபையாரே அப்பாவைச் சூழ்ந்துகொண்டு, "நீயெல்லாம் ஒரு ஐயரா?" என்று கேட்டார்கள். அப்பாவை யாராவது நீ என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவர் செருப்புக் குவியலில் அத்தையின் செருப்பைத் தேடி எடுத்து வந்து அவள் காலடியில் போட்டார்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். அந்த மலைக்காரப் பெண்ணும் எங்களோடு ஏறிக்கொண்டாள். குழந்தை அவள் மடியில் தூங்கியது. வெகுதூரம் போன பிறகு அப்பா அத்தையிடம் கேட்டார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும்ண்ணா. கேவுரு கூழ்ல யார்னா வெல்லம் போடுவாங்களா?"

உப்பும் மோரும் விட்டுக் குடிக்கிற கேழ்வரகுக் கூழில், கசப்பு தெரியாமல் இருக்க அப்பா ஒரு வருஷமாக வெல்லத்தைத் தட்டிப் போட்டிருக்கிறார்! அப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை குலுங்கிச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். ஒன்றும் புரியாமலே அந்த மலைக்காரப் பெண்ணும் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரே காறித் துப்புகிறது, இவர்களுக்குச் சிரிப்பு ஒரு கேடா? ஒருத்தர் கலந்து கொடுத்து ஏமாற்றினார், ஒருத்தி தெரியாதவள் மாதிரி குடித்து ஏமாற்றினாள். இரண்டு பொய்யர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோமே என்று உம்மென்று வந்தேன்.

வீட்டில் அம்மா, "கூட்டத்துல இன்னா நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"இந்த வாட்டி ஒரு அற்புதமும் நடக்கல" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டேன்.