மாமி சொன்ன குறை

எனக்குப் பால் கொடுத்து வளர்த்தவள் என் அம்மா இல்லை, பக்கத்து வீட்டு மாமி. இது தெரிந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதுவரை அந்த மாமியைப்போல ஒரு பொல்லாத பொம்பளை மதுரையிலேயே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இருவரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். இனி எழுதினால் அவர்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை; எனக்குத்தான் கொஞ்சம்.

சிம்மக்கல் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒட்டியிருந்தன. பின்கட்டில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, நடுவில் இடுப்பளவுச் சுவர். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தாவுக்குப் பாய்க் கடை, மாமியின் வீட்டுக்காரருக்குக் கயிற்றுக் கடை. கடைகளும் அடுத்தடுத்துத்தான்.

அம்மா பேரையூர்க்காரி. "எங்க வீட்டுல மாட்டுக்கும் பால் வத்தாது, மனுஷிக்கும் வத்தாது" என்று வந்த புதிதிலேயே சொல்லி வைத்திருந்தாள். நான் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் காய்ச்சல் கண்டு அவளுக்குப் பால் வற்றிப்போனது. அப்படிப் பெருமை பேசிவிட்டு, இதைத் தன் மாமியாரிடம் சொல்ல வாய் வருமா? காலையிலும் பொழுது சாயவும் தண்ணீர் இறைக்கிற சாக்கில் என்னைத் தூக்கிப்போய்ச் சுவருக்கு மேலே நீட்டுவாள். மாமி வாங்கி, தன் மகனுக்குக் கொடுத்தது போக எனக்கும் கொடுத்து, வாயைத் துடைத்துத் திருப்பித் தருவாள்.

ஆறு மாதம் இப்படி நடந்தது. நான் கொழுகொழுவென்று ஆனதைப் பார்த்து, "பேரையூர்ப் பால்னா பால்தான்" என்று அம்மாவின் மாமியாரே சொன்னாராம். அம்மா மறுக்கவில்லை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மாமியிடம் சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டாள்.

எங்கள் ஆட்களில், ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது. இது எல்லாருக்கும் தெரியும். நான் எங்கே குடித்தேன் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

எனக்குப் பதினைந்து நடந்தபோது, வியாபாரம் மந்தமான ஒரு மத்தியானத்தில், கடைக்காரர்கள் இருவரும் வெற்றிலை மென்றுகொண்டே என்னை மாமியின் மகனுக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். அத்தா வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

அன்றைக்குக் கிணற்றடியில் நடந்த பேச்சை அம்மா பிற்பாடு சொன்னாள்.

"அக்கா, நீங்களே சொல்லிருங்க."

"நான் எப்படிப் புள்ள சொல்றது? நீதான சத்தியம் வாங்குன?"

"நான் சொன்னா இந்தத் தெருவுல தலை நிமிர முடியாதுக்கா. பால் இல்லாத பொம்பளைகளை என்னென்ன பேச்சுப் பேசிருக்கேன்."

"பேசும்போது நான் பக்கத்துலதான நின்னேன்."

"இப்ப என்னதான் செய்யிறது?"

"வாயை மூடிக்கிட்டே இருந்தா ரெண்டு பேருக்கும் நரகந்தான். நீ போ, உலை கொதிக்குது. நான் பாத்துக்கிறேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சீனித் தட்டோடு பரிசம் போட வந்தார்கள். பெரியவர்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால். மாமி உட்காரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நிலையோரம் நின்றபடி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இந்தப் புள்ள எனக்கு மருமகளா வேணாம். ஒடம்பு அம்புட்டும் திமிரு."

அவள் வீட்டுக்காரர் தட்டைப் பிடித்தபடியே நின்றார். அத்தா எழுந்துவிட்டார்.

"பதினஞ்சு வருஷமா சுவருக்கு அந்தப் பக்கந்தான இருக்கீங்க. திமிரு இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சா?"

"தினமுந்தான் பட்டுச்சுண்ணே. சொல்லச் சங்கடமா இருந்துச்சு."

அம்மா தெருவாசலுக்கு வந்து ஏசினாள். அப்படி ஒரு ஏச்சை அந்தச் சந்து அதற்கு முன் கேட்டதில்லை. ஏசி முடித்து, பின்கட்டுக்குப் போய், சுவருக்கு மேலே மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். கடையில் அத்தா இரண்டு கடைக்கும் நடுவே பாய்க்கட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கினார். அதற்குப் பிறகு தெருவில் பெண்ணைப் பெற்றவர்கள் மாமி வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். கடைசியில் அலங்காநல்லூர்ப் பக்கம் தூரத்துச் சொந்தத்தில் தேடி மகனுக்கு முடித்தாள்.

அந்தப் பையன் கிடைக்காததில் எனக்கு வருத்தமில்லை. அவன் மூக்கே எனக்குப் பிடிக்காது. திமிர் என்று சொன்னதுதான் அறுத்தது. மாமி எதிரே வந்தால் முந்தானையை உதறிக்கொண்டு மறுபக்கம் பார்ப்பேன். எனக்குத் திமிர் இல்லை என்று அவளுக்குக் காட்ட வேறு வழி தெரியவில்லை.

பிறகு எனக்கு வேறு இடத்தில் நிக்காஹ் ஆகி, முதல் பிள்ளைக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். உலகச் சண்டைக் காலம், டப்பாப் பால் கண்ணில் படாது. நாற்பது கழிவதற்குள்ளேயே எனக்குப் பால் குறைந்தது. மாட்டுப்பாலைப் பிள்ளை கக்கியது. தெருவிலிருந்து இரண்டு பேர் தாங்களாகவே கொடுக்க வந்தார்கள். "பேரையூர்க்காரி மகளுக்கு இரவல் பால் வேணாம்" என்று அனுப்பிவிட்டேன். நாற்பது முடிந்த மறுநாள், அழக்கூடத் தெம்பில்லாமல் பிள்ளை முனகியது. அம்மா கதவைச் சாத்தினாள்.

"நீ குடிச்சதே இரவல்தாண்டி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மாமியின் மருமகள் அப்போது கைப்பிள்ளைக்காரி. சுவருக்கு மேலே நீட்டலாம் என்றாள் அம்மா. நான் தெருவாசல் வழியாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். சந்தே வேடிக்கை பார்த்தது. திமிர் பிடித்தவள் அந்த வாசலிலேயே போய் நிற்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அம்மா பெயர் கெடவில்லை. பிள்ளை எங்கே குடித்தது என்பது இந்தத் தடவை ஊருக்கே தெரியும்; இனி ஆண்கள் இன்னொரு மத்தியானம் வெற்றிலை மென்றாலும் ஆபத்தில்லை.

மாமி வாசலுக்கே வந்து கையை நீட்டினாள். பிள்ளையை வாங்கி உள்ளே மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்து முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். பிள்ளை குடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"அம்மா சொல்லிருச்சு மாமி. ஆனா அம்புட்டுப் பேர் முன்னால என்னைத் திமிருன்னு சொல்லணுமா? வேற ஏதாச்சும் சொல்லி நிப்பாட்டிருக்கலாம்ல?"

"சத்தியத்தையும் காப்பாத்தணும், பொய்யும் சொல்லக் கூடாது. அப்ப உன்கிட்ட நெசமா உள்ள குறையைத்தான சொல்ல முடியும்? ஒரு வாரம் தூக்கமில்ல புள்ள."

"ஒரு குறையக் கண்டுபிடிக்க ஒரு வாரமா?" கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"கண்டுபிடிக்க எதுக்கு ஒரு வாரம்? இருக்கிறதுல எதைச் சொன்னாலும் உனக்கு வேற எடத்துல மாப்பிள்ளை கிடைக்கும்னு பாக்கத்தான்."

மற்றவை என்னென்ன என்று நான் கேட்கவில்லை. கீரையில் பாதியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.