வேப்பமரத்தருகே இடதுபக்கம்

கோயம்புத்தூர் ரயில் நிலையத்தை விரிவாக்கிக் கட்டுகிறார்கள். போன முறை நான் நுழைந்த வாசலை இப்போது நீலத் தகரம் மறைக்கிறது. ரயிலுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. தகரத்தை ஒட்டி உட்கார்ந்து பூ கட்டும் அம்மாவிடம் வழி கேட்கிறேன்.

“வேப்பமரத்துகிட்ட லெப்ட்ல திரும்புங்க கண்ணு. நேராப் போனா பிளாட்பாரமுங்க.”

பெட்டியை இழுத்துக்கொண்டு இரண்டு முறை சுற்றுகிறேன். மரமே இல்லை. அவரிடமே திரும்பி வருகிறேன்.

“எந்த மரங்க?”

“அதைத்தான் வெட்டிப்போட்டாங்களே கண்ணு,” என்கிறார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் உள்ளூர்க்காரர் ஒருவர் பையோடு வந்து அதே வழியைக் கேட்கிறார். அதே பதில். அவர் தலையாட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்து, எதுவுமே இல்லாத ஓரிடத்தில் சட்டென்று இடதுபக்கம் திரும்புகிறார்.

நான் அவர் பின்னால் ஓடுகிறேன்.