ஏற்றத்தில் இழுக்காத கார்

டயகமவில் ஒருவருக்கு அவசரமாக வாகனம் வேண்டுமென்றால் யோகேஸ்வரனைத்தான் கூப்பிடுவார்கள். பிரசவ வலி வந்தாலும் சரி, கொழும்பில் வேலை செய்கிற மகன் ரயிலில் வந்து இறங்கினாலும் சரி, தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் அவருடைய வெள்ளைக் கார் வந்து நிற்கும். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். ராகலை மரக்கறி லொறிகளில் இளமை முழுவதையும் ஓட்டிக் கழித்து, கடைசியில் தனக்கென்று வாங்கிய கார் அது. கைக்கு வரும்போதே அதற்கு வயதாகியிருந்தது.

மனைவி லோஜினிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து எல்லாம் மாறிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த நாட்களில் ஆட்களை ஏற்றி ஹயர் ஓட முடியாது. மற்ற நாட்களில் சமையல், துணி, தண்ணீர் எல்லாம் அவர் தலையில். ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே தூங்குவார். கழுத்துப் பிடித்துக்கொண்டு எழும்புவார். எவ்வளவு தூங்கினாலும் அசதி தீராது. கண்ணுக்குள் மண் விழுந்தது போலவே இருக்கும்.

அப்படியான ஒரு காலையில்தான் கார் முதன்முதலாக அவரைக் கைவிட்டது. நானுஓயா ஏற்றத்தில் முன்னால் ஒரு விறகு லொறி ஊர்ந்துகொண்டிருந்தது. பாதை காலியாகத் தெரிந்ததும் கியரைக் குறைத்து, எக்ஸ்லேட்டரை அழுத்தி மிதித்து முந்தப் போனார். கார் துள்ளிப் பாய்ந்தது. லொறியின் பாதி நீளத்தைக் கடக்கும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி சட்டென்று வேகம் செத்துவிட்டது. எவ்வளவு மிதித்தும் பலனில்லை. எதிர் வளைவில் பஸ் ஒன்று வந்துவிட்டது. காலை எடுத்து, பிரேக் பிடித்து, லொறிக்குப் பின்னால் எப்படியோ ஒதுங்கிக்கொண்டார். பஸ் ஹோர்ன் அடித்தபடி உரசுகிற மாதிரிப் போனது. பிறகு மெதுவாக மிதித்தால், ஒன்றுமே நடக்காதது போல கார் ஓடியது.

தூங்குகிறாள் என்று அவர் நினைத்திருந்த லோஜினி, இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து கராஜ் கராஜாக அலைந்தார். தலவாக்கலையில் அவருக்குப் பழக்கமான மெக்கானிக் மைக்கல் பிளக்குகளை மாற்றினான். அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. அட்டனில் ஒருவர் பெற்றோல் பில்டரை மாற்றச் சொன்னார், மாற்றினார். பிறகு பம்பையும் மாற்றினார். நுவரெலியாவில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தவன், கோளாறு எதுவும் காட்டவில்லை என்று கையை விரித்தான். எல்லா இடத்திலும் இரவு நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தார்கள். இல்லையென்றால், வரிசையில் காத்துக் கிடந்து இன்ஜின் ஆறின பிறகு பார்த்தார்கள். நின்ற இடத்தில் உறுமவிட்டால் கார் சிங்கம் மாதிரி உறுமியது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் மூன்றாம் தடவை போனபோது மைக்கல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, வண்டியில ஒண்ணுமில்ல. நீங்கதான் தூக்கமில்லாம ஓட்டுறீங்க. கால் அழுத்துதா இல்லையான்னே ஒங்களுக்குத் தெரியல போல."

அவருக்குக் கோபம் வரவில்லை. அப்படியும் இருக்கலாமோ என்ற பயம்தான் வந்தது. அதன் பிறகு எந்த வாகனத்தையும் முந்துவதில்லை. டிராக்டர் போனாலும் அதன் பின்னாலேயே போவார். ஏற்றம் வந்தால் தன் காலையே சந்தேகத்தோடு குனிந்து பார்த்துக்கொள்வார்.

ஒரு காலை, அதே ஏற்றத்தில், பின்னால் வந்த வேன்காரன் விடாமல் ஹோர்ன் அடித்ததால் கொஞ்சம் அழுத்தி மிதித்தார். கார் திணறியது. ஓரம் கொடுத்து வேனைப் போகவிட்டார். அப்போதுதான் லோஜினி வாயைத் திறந்தாள்.

"என்னாங்க, நீங்க அழுத்தி மிதிக்கிறப்ப ஒரு சத்தம் வருதே, கேக்குதா?"

லொறி இன்ஜின் பக்கத்திலேயே காலம் தள்ளியதில் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டார்.

லோஜினி நோய் வரும்வரை தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தவள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள்.

"புள்ளைங்க ஸ்ட்ரோ போட்டு பால் பக்கெட்ட உறிஞ்சி முடிக்கிறப்ப, பக்கெட் உள்ள ஒட்டிக்கிட்டு ஒரு சத்தம் வருமே. அந்த மாதிரி."

உறிஞ்சுகிறது, ஒட்டிக்கொள்கிறது. அவர் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். பெற்றோல் போகிற வழியை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். காற்றுப் போகிற வழியை யாரும் பார்க்கவில்லை. அதுவும், காலையில் வீட்டிலிருந்து கிளம்பினதும் இப்படி ஆனதேயில்லை. நன்றாகச் சூடேறி, ஏற்றத்துக்கு வந்த பிறகுதான்.

தேயிலையோரம் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை; ஆறவிட்டால் மறுபடியும் ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, பொனட்டைத் திறந்தார். ஒருவர் மிதிக்க, ஒருவர் பார்க்க வேண்டும். பனிமூட்டத்தில் பாதையில் ஒரு ஆளையும் காணோம்.

வேறு வழியில்லாமல் லோஜினியிடம் கேட்டார். காரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்தச் சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வீங்கியிருந்த காலைச் செருப்பிலிருந்து உருவி, வெறுங்காலை எக்ஸ்லேட்டரில் வைத்தாள்.

மெதுவாக மிதித்தாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தும் ஒன்றுமில்லை.

"பயப்படாத. தரையோட சேத்து மிதி."

இன்ஜின் அலறியது. ஏர் பில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் கறுப்பு ரப்பர் ஹோஸ், அவர் கண் முன்னாலேயே பல்லில்லாதவர் கன்னம் போல உள்ளே ஒடுங்கித் தட்டையாகியது. காற்று அடைபட்டு இன்ஜின் திணறியது. குனிந்து நின்றதால் அந்த உறிஞ்சல் சத்தம் இப்போது அவருக்கும் கேட்டது. விடச் சொன்னார். ஹோஸ் பொதுக்கென்று பழையபடி உப்பியது.

அசதியில் கண் பொய் சொல்லுகிறதோ என்று இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார். அதேதான். துணியைச் சுற்றி ஹோஸை அமுக்கிப் பார்த்தார். ஒயில் ஊறி, சூட்டில் குழைந்து, வெந்த கிழங்கு மாதிரி இருந்தது. ஆறினால் விறைத்து நிற்கும், கராஜ்காரர் கையில் நல்லதாகத்தான் படும்.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, காரின் முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. இவ்வளவு நாள் அலைந்தது இதற்காகவா என்று அழுகைதான் வந்தது.

"பெரிய வேலையா?" என்று லோஜினி சீட்டிலிருந்தே கேட்டாள்.

"இல்ல. ஒரு ஹோஸ்தான்."

"அப்ப, நீங்க தூங்காததால இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மைக்கல் சொன்னதை அவர் அவளிடம் சொல்லவேயில்லை. அன்றைக்குக் காருக்குள் இருந்தபடி அவள் கேட்டிருக்கிறாள். இத்தனை நாளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசாமல் வந்திருக்கிறாள்.

காரை நடக்கிற வேகத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்ச் சேர்த்தார். நேரம் பிந்திவிட்டதென்று தாதி முகம் சுளித்தாள். லோஜினியை மெஷினில் போட்டதும், பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். அந்தக் காருக்குப் புதிய ஹோஸ் இப்போது வருவதில்லையாம். பிரித்துப் போட்ட ஒரு காரில் இருந்து கழற்றிய, இன்னும் திடமான ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில், ஒரு ஓட்டோக்காரரிடம் ஸ்குரூ டிரைவர் இரவல் வாங்கி அவரே மாட்டினார்.

அடுத்த தடவை நானுஓயா ஏற்றத்தில் தரையோடு மிதித்துப் பார்த்தார். கார் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. ஒரு லொறியையும் முந்தினார். லோஜினி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு வெறுமையாக இருந்தது. இரண்டு மாதமாக மனம் முழுவதும் கார்தான். பிளக்கா, பம்பா, வேறெதுவா என்று யோசித்துக்கொண்டே போனதில் மற்றதை நினைக்க நேரமிருக்கவில்லை. இப்போது பாதை நேராகக் கிடந்தது. பக்கத்துச் சீட்டில் வீங்கிய முகத்தோடு தலை சாய்ந்திருக்கிறவளைத் தவிர, நினைக்க வேறொன்றும் மிச்சமில்லை.

திரும்பி வரும்போது லிந்துலையில் நிறுத்தி ஒரு பிளேன்டீ வாங்கினார். டாக்டர் தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார். லோஜினி இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை அவரிடம் நீட்டினாள். மீதியை அவர் காரில் சாய்ந்தபடி, அவசரப்படாமல் குடித்தார்.