குற்றாலிங்கம் பிள்ளை சோறு வெறுத்த கதை

குற்றாலிங்கம் பிள்ளைக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிடிக்காததைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது காணாது. ஈ பிடிக்காது. அடுத்தவர் குடித்த தம்ளர் பிடிக்காது. கோமதியம்மன் சன்னதியில் பக்கத்தில் நிற்கிறவனின் வேர்வை பிடிக்காது. பத்திர ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். கைநாட்டு வைக்க வந்த சம்சாரி ஒருத்தன் விரலையாவது தொட்டிருப்பாரா? ஒரு காகிதத்தை மடித்து, அதற்குள்ளே அந்தப் பெருவிரலைப் பிடித்து, மையில் ஒரு அமுக்கு, பத்திரத்தில் ஒரு அமுக்கு. காகிதத்தைக் கூடையில் வீசிவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பத்துப் பத்திரம் வந்தால் பத்துத் தடவை கழுவுவார். ஆபீசில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, அது இங்கே வேண்டாம்.

மனுஷன் வாய்விட்டுப் பெருமை பேசிக்கொள்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவர் வீட்டில் கக்கூஸ் கிடையாது. சங்கரன்கோவிலுக்கு மேற்கே ஓடையை ஒட்டின தெருவில் சொந்த வீடு. விடிய முன்னே செம்பை எடுத்துக்கொண்டு அரை மைல் நடந்து, உடைமர மறைவில் ஒதுங்கி, கிணற்றில் தலை முழுகி, திருநீறு பூசிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார். அடுப்பு எரிகிற கூரைக்குக் கீழேயே அந்த அசிங்கத்தையும் வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணுகிறவன் மனுஷனே இல்லை என்பது அவர் கட்சி.

ஐம்பத்தொன்றாம் வருஷம் அவருக்கு ஐம்பத்தெட்டு வயசு. ஐப்பசி மழையோடு முழங்கால் இரண்டும் வீங்கிக்கொண்டன. தைலம் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். வீக்கம் அசைந்து கொடுக்கவில்லை. அரை மைல் நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தை மாசம் ஒருநாள் ஓடைக்கரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் அப்படியே கிடந்தார். வெயில் ஏறினபிறகு மாடு பத்திக்கொண்டு வந்தவன் ஒருத்தன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி விட்டான். அந்தக் கை பட்ட இடத்தை அன்றைக்கு மூன்று தடவை தேய்த்துக் குளித்தார்.

மகன் நெல்லைநாயகம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தான். இனி கக்கூஸ் உள்ள வீடுதான் என்று முடிவு கட்டிவிட்டான். அந்தக் காலத்தில் அப்படி வீடு லேசில் கிடைக்குமா? கடையநல்லூர் துணி வியாபாரி மைதீன் பாட்சா, தன் வீட்டுப் பெண்கள் வெளியே வராமல் கோஷாவில் இருக்கிறவர்கள் என்று, ரதவீதிக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் எல்லா வசதியோடும் ஒரு வீடு கட்டியிருந்தார். அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டதால் வீடு சும்மா கிடந்தது. பிள்ளை முடியவே முடியாது என்றார். மகன் பிடித்த பிடியை விடவில்லை. மாசியில் வில்வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

வந்து இறங்கின தெருவைப் பார்த்ததும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இடதுபக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தார்கள். வலதுபக்கத்து வீட்டு வாசலில் இரண்டு ஆடு கட்டிக் கிடந்தன. எதிர்த்தாற்போல் ஒரு பக்கோடாக் கடை. கடைக்காரன் ஒரு கையால் முதுகைச் சொறிந்துகொண்டே மறுகையால் மாவு பிசைவான், அதை நாலு பேர் வாங்கித் தின்பார்கள். சாக்கடைத் தண்ணீரின் நிறத்தைப் பிள்ளை ஒரே ஒரு நாள்தான் பார்த்தார். ஏற்கெனவே வெள்ளையடித்திருந்த வீட்டுக்கு மறுபடி இரண்டு தடவை வெள்ளையடிக்க வைத்தார், மூலைக்கு மூலை கோமியம் தெளிக்க வைத்தார். மைதீன் பாட்சா காதுக்கும் அது போயிற்று. அவர் சிரித்துக்கொண்டாராம். பெரியவருக்கு முழங்கால் சரியில்லை என்று ஆளை அனுப்பி, பிடித்துக்கொண்டு உட்கார, எழுந்திருக்கக் கக்கூஸ் உத்தரத்தில் ஒரு கயிறும் கட்டிக்கொடுத்தார். பிள்ளை அந்தக் கயிற்றை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தார்.

அவர் மனைவி காந்திமதியம்மாள் ஒரே வாரத்தில் தெருவோடு ஒட்டிக்கொண்டாள். கருவாட்டு வீட்டுக்காரி முருங்கைக்கீரை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், சுவருக்கு இந்தப்பக்கம் நின்று அரைமணி பேசுவாள். பிள்ளைக்கு அதுவும் அருவருப்புத்தான். அந்தக் கீரையைத் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

இந்தக் கக்கூஸ் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். உட்கார இரண்டு கல், அதற்குக் கீழே ஒரு தகரத் தட்டு. பின்சுவரில் அடிமட்டத்தில் ஒரு பலகைக் கதவு. அது பின்னால் இருக்கிற முடுக்குச் சந்தைப் பார்த்துத் திறக்கும். பஞ்சாயத்து போர்டு ஆட்கள் காலையில் முடுக்கு வழியாக வந்து, கதவைத் திறந்து, தகரத்தை இழுத்து, எடுத்துக்கொண்டு போவார்கள். திறக்குமுன்னே பலகையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். உள்ளே ஆள் இருந்தால் இருமவேண்டும். இருமல் கேட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். அந்தத் தெருவில் நண்டுசிண்டுக்குக்கூட இது தெரியும். பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? அவரிடம் போய் அந்தப் பேச்சை எடுக்க யாருக்குத் தைரியம் இருந்தது?

குடிவந்த எட்டாம் நாள் காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகையில் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஆடு முட்டுகிறது என்று நினைத்தார். கதவு திறந்தது. கீழே இருந்து வெளிச்சம் அடித்தது. கறுப்பு வளையல் போட்ட ஒரு கை, தகரச் சுரண்டியோடு உள்ளே வந்தது. பிள்ளையால் கத்தவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. அந்தக் கை அப்படியே நின்றது, பிறகு வெடுக்கென்று பின்னுக்குப் போயிற்று. கதவு சாத்திக்கொண்டது. முடுக்கில் யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது மனுஷனுக்கு. இரண்டு மணி நேரம் குளித்தார். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? இனி செத்தாலும் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டார். ஓடைக்குப் போகக் கால் இல்லை. அப்படியானால் மிச்சம் இருக்கிற வழி ஒன்றுதான். வயிற்றுக்குள் ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வரவேண்டியதில்லை.

அன்றிலிருந்து சோற்றை விட்டார். காலையில் அரைத் தம்ளர் மோர், சாயங்காலம் இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர். காந்திமதியம்மாள் சொதி வைத்துப் பார்த்தாள், உளுந்தஞ்சோறு பொங்கிப் பார்த்தாள். இலையைப் பார்த்ததும் அவருக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. அப்பாவுக்குப் பழைய வீட்டு ஏக்கம் என்று மகன் நினைத்தான். டாக்டர் டானிக் எழுதிக்கொடுத்தார். வீட்டில் ஏதோ தோஷம் என்று காந்திமதியம்மாள் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து நெற்றியில் பூசினாள். சோற்றை விட்ட பதினோராம் நாள் எழுந்து நின்றவர் கண் இருட்டிச் சுவரோடு சரிந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு நெல்லைநாயகத்தை வெளியே கூட்டிக்கொண்டுபோய், இப்படியே போனால் இன்னும் ஒரு வாரம் தாங்குவது கஷ்டம் என்றார். பிள்ளை காதிலும் அது விழுந்தது. போகட்டுமே, சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவு வீம்பு!

ஊர் முழுக்கக் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தவள் அந்தக் கறுப்பு வளையல்காரி லச்சி. அந்த முடுக்கில் முப்பத்திரண்டு வீடு அவள் பொறுப்பு. எந்த வீட்டுப் பிள்ளைக்குச் சீதபேதி, எந்த வீட்டில் வைத்தியம் பலிக்கவில்லை என்பதெல்லாம் டாக்டருக்கு முன்னே அவளுக்குத்தான் தெரியும். பன்னிரண்டாம் நாள் கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று காந்திமதியம்மாளைக் கூப்பிட்டாள். "ஆச்சி, சாமி சாப்பிடுதாகளா? அவுக இந்தப் பக்கம் வந்தே பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும் போல. எங்க மாமியாவும் இப்படித்தான் சோத்த நிறுத்திப் போய்ச் சேந்தா" என்றாள். அன்றைக்கு நடந்ததையும் தயங்கித் தயங்கிச் சொல்லி, இருமல் வருகிறதா என்று இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், தப்பு தன்பேரில்தான் என்றாள்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அன்றைக்குத்தான் காந்திமதியம்மாள் புருஷனைக் கிழிகிழி என்று கிழித்தாள். இதற்காகவா என் தாலியைப் பறிக்கப் பார்த்தீர்கள் என்று அழுதாள். பிள்ளைக்கு வெட்கத்தைவிட ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. தன் வயிற்றுச் சமாச்சாரத்தை முடுக்கில் நின்று இரண்டு பெண்டுகள் பேசியிருக்கிறார்கள்! மறுநாள் விடிந்ததும் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்குப் போய், உரல்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காவிட்டால் அவர் குற்றாலிங்கம் பிள்ளை இல்லை.

பலகையில் இரண்டு தட்டு விழுந்தது.

"ஏட்டி, நில்லு" என்றார் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து.

"நிக்கேன் சாமி."

என் வயிற்றில் என்ன இருக்கிறது, இல்லை என்று பார்க்கத்தான் போர்டில் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று கேட்டார். அவள் தப்புத்தான் சாமி என்றாள். இன்னும் கேட்டார். அதற்கும் தப்புத்தான் என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தாலாவது அவர் கோபம் தணிந்திருக்கும். இப்படிச் சொன்னால் எங்கே தணிய? குத்துகிற மாதிரி ஒன்று சொல்ல வேண்டும் என்று தேடிப் பிடித்துக் கேட்டார்.

"தினம் இதை அள்ளுதியே, உனக்கு அருவருப்பே கிடையாதா? மனுஷப் பிறவிதானே நீ?"

இருக்காது என்றுதான் அவர் நினைத்திருந்தார். மாட்டுக்குச் சாணி நாறுமா? பிறந்ததிலிருந்து அதிலேயே கிடக்கிறவர்களுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும். ஐம்பத்தெட்டு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தார். நினைத்திருந்தார் என்றுகூடச் சொல்லமுடியாது, அதை நினைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

அந்தப்பக்கம் சுரண்டியைச் சுவரில் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அது இல்லாம எங்க போகும் சாமி?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கருவாடு திங்குத வீடு, சுத்த சைவ வீடு, எல்லாம் எனக்கு ஒண்ணு போலத்தான் கொமட்டும். எடுக்கும்போதுகூடத் தாங்கிக்கிடலாம். வீட்டுக்குப் போயி இந்தக் கையாலதான சோறு திங்கணும்? எம்புட்டுக் கழுவுனாலும், கையப் பாத்தா இறங்காது. அதனால கண்ண மூடிக்கிட்டுத் திம்பேன். இருவது வருசமாச்சு. திங்காம இருந்தா மறுநா வேலைக்கு வரமுடியாதுல்லா, மூணு பிள்ள இருக்கு."

பிள்ளை உரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தகரத்த எடுத்துக்கிடட்டுமா சாமி?"

"எடுத்துக்கோ."

பலகைக் கதவு திறந்தது. தகரம் இழுபடுகிற சத்தம், சுரண்டுகிற சத்தம், சாம்பல் தூவுகிற சத்தம் எல்லாம் கேட்டது. நாற்றம் வந்தது. அவருக்கு மூக்கைப் பொத்தத் தோன்றியது. பொத்தவில்லை. அவள் அடுத்த வீட்டுப் பலகையைத் தட்டுகிறது கேட்கும்வரை உரல்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று மத்தியானம் அவரே இலை போடச் சொன்னார். காந்திமதியம்மாள் ஓடிவந்து குழையக் குழைய மோர்ச்சோறு பிசைந்து வைத்தாள். பிள்ளை கையை நீட்டினார். மூன்று தடவை கழுவின கை. வெட்டின நகம், வெளுத்த விரல், ஒரு அழுக்கு கிடையாது. ஆயுசில் ஒரு அழுக்கையும் தொடாத கை. அந்தக் கையைப் பார்த்துத்தான் இப்போது அவருக்கு அடிவயிற்றிலிருந்து ஓங்கரிப்பு வந்தது. ஒரு வாய் எடுத்தார், இறங்கவில்லை. என்ன செய்கிறது என்று மனைவி பதறினாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இலையில் இருந்தது முழுவதையும் தின்றார்.